மேட்டுத் தெருவில் ஒரு ‘டொக்’

மார்ச் 3, செவ்வாய்

காலையில் காரை எடுத்தேன். டொக்.

பூமி இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டிக்கொண்ட சத்தம். தெருவே பாத்திரம் பண்டத்தோடு வெளியே ஓடி வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. மதில் மேல் இருந்த பூனை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

போன மாதம் வாங்கிய பழைய கார். ஆட்டோமேட்டிக். கிளட்ச் இல்லாததால் இடது காலுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டேன். நிறுத்தினால் கியர்க் குச்சியை ‘பி’யில் தள்ள வேண்டும், கிளம்பினால் ‘டி’க்கு இழுக்க வேண்டும். மொத்த வித்தையும் இவ்வளவுதான். ஆனால் ‘பி’யை விட்டு நகர்த்துகிற நொடியில் அடிவயிற்றிலிருந்து அந்த டொக். உள்ளே எவனோ சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறான்.

வாங்கியதே அக்காவுக்காக. இத்தனை வருஷம் என்னோடு இதே வீட்டில் இருந்தவள், முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். இந்தச் செங்குத்துத் தெருவை இனி அவளால் நடந்து ஏற முடியாது. ஏன் ஏற வேண்டும்? மகாராணி மாதிரி வாசலில் வந்து இறங்கட்டும். சாரதி நான்.

மார்ச் 5, வியாழன்

அக்கா மகள் வந்தாள். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் துணிமணி வேண்டுமாம். இன்னும் கொஞ்சம் என்று அலமாரியில் பாதியை எடுத்துக்கொண்டாள். பஸ் நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட்டேன். கிளம்பும்போது, டொக்.

“என்ன மாமா இது, அடியில யாராவது இருக்காங்களா?”

“டிரைவர்மா. மேல இடம் இல்லேன்னு அடியில வெச்சிருக்கேன்.”

சிரிக்கவில்லை. சின்ன வயதில் இதைவிட மட்டமான ஜோக்குக்கெல்லாம் உருண்டு புரண்டு சிரித்த பெண். “அம்மாவை இதுல ஏத்த மாட்டேன் மாமா. பாதி வழியில நின்னுட்டா அந்த முட்டியோட எங்க நிப்பாங்க? முதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் பாக்கலாம்.”

நியாயம்தான். ஆக, டொக் போனால் அக்கா வருவாள். என் அரசியல் நிலவரம் இப்போதைக்கு இவ்வளவே.

மார்ச் 8, ஞாயிறு

டிவி சத்தத்தைக் குறை என்று சொல்ல ஆளில்லை. வீடு அதிரச் செய்தி கேட்டேன். உலகத்தில் ஒன்றும் சுவாரசியமில்லை.

மார்ச் 9, திங்கள்

கியர்பாக்ஸ் வைத்தியரிடம் போனேன். மெக்கானிக் என்று சொன்னால் அவருக்குக் குறைச்சல், அதனால் வைத்தியர் பட்டம் நானே கொடுத்தது. ஷெட்டில் நிறுத்தி, எடுத்து, முன்னால் பின்னால் ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. ஊமை மாதிரி நின்றது துரோகி.

“வண்டி பூ மாதிரி இருக்கு சார்.”

“வீட்டுல டொக்குங்குதுப்பா.”

“எப்படி டொக்? மெதுவாவா, கனமாவா?”

அடிவயிற்றிலிருந்து ஒரு டொக் விட்டுக் காட்டினேன். ஷெட்டில் எல்லா வேலையும் நின்றது. காருக்கு அடியில் படுத்திருந்தவர்கூட எட்டிப் பார்த்து, “இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றார். கலைஞன் மறுப்பானா? மறுபடி சொன்னேன்.

கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று புதிதாக மாற்றினார். இன்ஜினைத் தாங்கும் ரப்பரையும் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி இருக்கிறதாம்.

மார்ச் 10, செவ்வாய்

டொக்.

மார்ச் 12, வியாழன்

அக்கா போன் பண்ணினாள். எண்ணெய் மாற்றிய படலத்தை நான் ஒரு போர்க்களம் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

“கீழ் வீட்டம்மாடா. சாயங்காலம் ரெண்டு பேரும் நடக்கப் போவோம். இங்க தரை சமமா இருக்கு. காலுக்கு நல்லா இருக்கு.”

“எப்ப வர்ற” என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கே பதில் வந்தது. “முதல்ல வண்டி சரியாகட்டும்டா தம்பி.”

அதானே. வண்டிதான்.

மார்ச் 14, சனி

நன்றாக இருக்கும் ரப்பரையே மாற்றச் சொல்லி வைத்தியரிடம் மன்றாடினேன். “நோய் இல்லாதவனுக்கு ஊசி போடச் சொல்றீங்களே சார்” என்று முனகிக்கொண்டே மாற்றினார். வீட்டுக்கு வந்து, நிறுத்தி, திரும்ப எடுத்தேன்.

எழுதவே பிடிக்கவில்லை. அதே சத்தம்.

மார்ச் 16, திங்கள்

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரே ஒரு அம்மாள், கிட்டப் பார்வை. கண்ணாடி ஒவ்வொன்றாக மாற்றி, “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மூளையில் பளிச்சென்றது. இத்தனை வருஷமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் இதைத்தானே செய்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. காருக்கு ஏன் செய்யவில்லை?

அம்மாளை அனுப்பிவிட்டுப் பரிசோதனையைத் தொடங்கினேன். இன்ஜின் சூடாக, ஆறிப்போய், ஏசி போட்டு, போடாமல். கடை வாசலில் எப்படி எடுத்தாலும் சத்தம் இல்லை. வீட்டு வாசலில் எப்படி எடுத்தாலும் டொக்.

ஆக வண்டிக்கு வியாதி இல்லை. என் வீடு பிடிக்கவில்லை. வரிசையில் நிற்கட்டும், அதற்கு முன்னால் ஆள் இருக்கிறது.

இல்லை. அப்படி எழுதியிருக்கக் கூடாது. அக்காவுக்கு முட்டிதான் பிரச்சினை.

மார்ச் 18, புதன்

சரித்திரத்தில் பொறிக்க வேண்டிய நாள்.

தண்ணீர் லாரி வழி கேட்டு ஹாரன் அடித்தது. நான் சோப்பும் நுரையுமாகக் குளியலறையில். சாவியை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டீச்சரிடம் நீட்டினேன். அவரே காரை ஒதுக்கி, லாரி போனதும் திரும்ப என் வாசலில் நிறுத்தினார். பிறகு நான் ஏறி, ‘பி’யிலிருந்து ‘டி’க்கு இழுத்தேன்.

சத்தம் இல்லை.

காரும் நகரவில்லை. முக்கியது, முனகியது, நின்ற இடத்திலேயே நின்றது. போச்சு, கியர்பாக்ஸ் உயிரை விட்டது என்று ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டேன். டீச்சர் ஜன்னலில் தட்டினார். “ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் சார். மேடாச்சே. ஏன், நீங்க போட மாட்டீங்களா?”

இறக்கினேன். எண்ணெயில் வழுக்கின மாதிரி போனது.

மறுபடி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போடாமல் எடுத்தேன், டொக். போட்டுவிட்டு எடுத்தேன், அமைதி. டொக், அமைதி, டொக், அமைதி. பூனை எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

வைத்தியருக்கு போன் பண்ணினேன். தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. “‘பி’யில போட்டா உள்ள ஒரு சின்னப் பல்லு சக்கரத்தைப் பிடிச்சுக்கும் சார். ஹேண்ட் பிரேக் இல்லேன்னா மேட்டுல மொத்த வண்டியும் அந்தப் பல்லுலதான் தொங்கும். எடுக்கும்போது டொக்குனுதான் விடும். ஹேண்ட் பிரேக் போடாம நிறுத்துவீங்கன்னு நான் கனவா கண்டேன்?”

சரி, ஏன் போடுவதில்லை நான்? வாழ்நாளெல்லாம் கார் ஓட்டினவன்.

இதற்கு முன் வைத்திருந்த காரில், நான் பிரேக்கை மிதித்து முடிப்பதற்குள் பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு கை வரும். கர்ர்க் என்று இழுத்துவிடும். என் மேல் அக்காவுக்கு அவ்வளவு நம்பிக்கை. இவன் மறப்பான் என்று அவள். இவள் போடுவாள் என்று நான். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

தனியாகப் போகும்போது? நான் தனியாக எங்கே போனேன்.

மார்ச் 20, வெள்ளி

அக்கா மகளுக்கு போன் போட்டேன். போனை டாஷ்போர்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

“கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலியே மாமா.”

“அதேதான்.”

இந்தத் தடவை சிரித்துவிட்டாள். அக்காவிடம் கொடுத்தாள். கதை முழுக்கச் சொன்னேன். “அதைக்கூட நான்தான் போட்டுட்டு இருந்தேனா” என்றாள். பிறகு, “இப்ப வண்டி நல்லாயிடுச்சுல்ல?”

“கப்பல் மாதிரி போகுதுக்கா. ஞாயித்துக்கெழமை வந்துடுறேன். எத்தனை மணிக்குக் கிளம்பி நிப்ப?”

“வா. சாப்பிட்டுட்டுப் போ.” அவளே தொடர்ந்தாள். “டேய், வர்றப்ப என் தையல் மெஷினைக் கொண்டு வந்து குடுத்துடுறா. இங்க பொண்ணு ஜன்னலோரமா எனக்கு இடம் ஒதுக்கிக் குடுத்திருக்கா.”

சரி என்றேன். அதற்குப் பிறகு வேறு எதையோ பற்றி ரொம்ப நேரம் பேசினோம். எதைப் பற்றி என்று நினைவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா மகள் வீட்டு வாசலில், காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் யாரும் பார்க்கவில்லை.

காலையில் மெஷினைத் தூக்க டீச்சர் ஒரு கை பிடித்தார். யானைக் குட்டி கனம். கால் ஸ்டாண்டு பின்சீட்டில் குறுக்கே போனது. தலைப்பகுதியைப் போர்வை சுற்றி முன்சீட்டில் வைத்தேன். கிளம்பினேன், சத்தமில்லை. கொஞ்ச தூரம் இறங்கியதும் கார் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. முன்சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடச் சொல் என்று. “ஆள் இல்லப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. ஓரமாக நிறுத்தி, சுற்றிப் போய், மெஷினுக்கு பெல்ட் மாட்டினேன். கத்தல் நின்றது. வழியெல்லாம் அதனோடு பேசிக்கொண்டே வந்தேன், எதிர்த்துப் பேசாத நல்ல துணை.

கதவு திறக்கிறது. அக்கா. கையில் தடி இல்லை. இதை என்னிடம் சொல்லவே இல்லையே. படி இறங்கி, விடுவிடுவென்று நேரே முன்சீட் பக்கமாக வருகிறாள்.

பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.