நம்ம சிறுவாடு

மதினி,

இன்று காலை கடையில் கருப்பட்டி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையைக் கையில் வாங்கினேன். அதில் ஒரு காலணா மட்டும் செக்கச்செவேலென்று மின்னியது. புதுக்காசு இல்லை. தலை தேய்ந்துபோன பழைய காசுதான். மூக்கருகே கொண்டுபோனேன். புளி வாசம்.

கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "என்ன வாத்தியாரம்மா, காச மோந்து பாக்கிய? எவளோ ஒரு புண்ணியவதி பானையத் தொறந்திருக்கா. இந்த வாசத்தோட காசு வந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும், ஏதோ ஒரு வீட்டுல என்னமோ நடந்துபோச்சுன்னு."

நானும் சிரித்துவிட்டு வந்தேன். அந்தக் காசு இப்போது மேசைமேல் கிடக்கிறது. செலவழிக்கவும் மனம் வரவில்லை, என் சேமிப்புப் பெட்டியில் போடவும் மனம் வரவில்லை.

சிறுவாடு என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். புருஷனுக்குத் தெரியாமல் பெண்டுகள் சேர்த்துவைக்கும் பணத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை நான் வாசித்த எந்தக் கதைப் புத்தகமும் சொல்லவில்லை. அந்தக் கதைகளில் பெண்கள் அழுதார்கள், காத்திருந்தார்கள், கடைசியில் செத்தும் போனார்கள். ஒருத்திகூடக் காசைத் தொடவில்லை.

உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை படைக்கவென்று வைத்த கலயத்தில் போடுவது நம் வீட்டு வழக்கம். அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வாழ வந்த பிறகு இன்னொரு பிடியும் சேர்ந்துகொண்டது. அது மிளகாய் மூட்டைக்குப் பின்னால் இருந்த சின்னப் பானைக்குப் போனது. பானை நிறைந்ததும் கொல்லைப்பக்கம் வரும் அரிசிக்காரியிடம் விற்றோம். வந்த காசைப் புளிப்பானையின் அடியில் போட்டோம். எந்த ஆண்பிள்ளை புளிப்பானைக்குள் கை விடப்போகிறான்?

"இது களவு இல்லையா மதினி?" என்று முதல் நாள் கேட்டேன்.

"களவா? ஆக்கிப் போடுத கைக்கு யாரு கூலி குடுக்கா? இது கூலிட்டி."

"ஆண்டவருக்குப் போடுத பிடிய விட நம்ம பிடி பெருசா இருக்கே."

"ஆண்டவருக்கு வலது கை, நமக்கு இடது கை. இடது கை பண்ணுதத வலது கைகிட்ட போய்ச் சொல்லாத" என்று என் தலையில் குட்டினீர்கள். இருவரும் அடுப்புப் புகையில் இருமி இருமிச் சிரித்தோம்.

எனக்கு அந்தக் காசு பாளையங்கோட்டைப் பயிற்சிப் பள்ளி. சாப்பாட்டுக்குக் கட்டவேண்டிய பணம், இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு தகரப்பெட்டி. பெண்பிள்ளை படித்தது போதும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். எங்கள் அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லாத வீட்டில் அவன் சொன்னால் சொன்னதுதான். புளிப்பானை ஒன்றுதான் எனக்கு இருந்த வழி. அது உங்களுக்குத் தெரியும். "நம்ம சிறுவாட்டுல ஒன்ன வாத்திச்சியாக்கிக் காட்டுதேன்" என்று சொன்னதே நீங்கள்தான்.

ஒருமுறை கேட்டேன், "ஒங்களுக்கு என்ன வேணும் மதினி?" புளி எடுக்கப் போன கையைப் பானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள். "எனக்கு என்னட்டி வேணும்? இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். முதுகு நிமிருது பாரு."

அதை அன்று நான் ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். உங்கள் முதுகு ஏன் வளைந்திருந்தது என்று எண்ணிப்பார்க்கவில்லை. உடன்குடியில் கருப்பட்டி வாங்கித் திருநெல்வேலிச் சந்தையில் விற்கும் அண்ணன் ஊருக்கெல்லாம் நல்லவன். ஆனால் உங்களை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா" என்பதுதான் உங்கள் பெயர். வீட்டுச் செலவுக்குப் பணத்தை உங்கள் கையில் தரமாட்டான், அடுக்களை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவான். நீங்கள் குனிந்து எடுப்பீர்கள்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை வந்தது. உடன்குடியிலிருந்து வந்த வண்டிகள் சாத்தான்குளத்துக்கு இப்பால் ஓடையில் வெள்ளம் வடியக் காத்துக் கிடந்தன. கருப்பட்டி நனைந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீடு வந்து சேர்ந்தது கரிய பாகு ஒழுகும் ஓலைப்பெட்டிகள். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இரண்டு நாள் சோறு தொடவில்லை.

எனக்கோ திங்கட்கிழமை பள்ளியில் பணம் கட்டவேண்டும். சனிக்கிழமை காலை புளிப்பானையைத் திறந்தேன். புளியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். கை பானையின் அடி மண்ணைத் தொட்டது.

நீங்கள் அடுப்பு முன்னால் இருந்தீர்கள். திரும்பவில்லை.

"மதினி, காசு எங்க?"

"அவுககிட்ட குடுத்துட்டேன்."

"அண்ணன் கேட்டானா?"

"கேக்கல."

"என்ன சொல்லிக் குடுத்திய?"

நீங்கள் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தீர்கள். பதில் மத்தியானம் அண்ணன் வாயிலிருந்து வந்தது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "நீயும் வந்து பக்கத்துல உக்காரு. என்னத்துக்கு நின்னுக்கிட்டே இருக்க?" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "ஏட்டி, ஒங்க மதினியப் பாத்தியா? மூச்சு விடாம எத்தன வருசமாச் சேத்து வச்சிருக்கா! 'இது என் சிறுவாடு, எடுத்துக்கிடுங்க'ன்னு எம் மடியில கொண்டாந்து கொட்டுதா. குடுத்து வச்சவம்லா நான்!"

என் சிறுவாடு.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வீட்டில் அதற்கு முன் நான் கண்டிராத ஒரு மகிழ்ச்சி உங்கள் முகத்தில் இருந்தது. அந்தக் காசில் பாதி என்னுடையது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மகிழ்ச்சி அங்கேயே அணைந்திருக்கும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீங்கள் கை நீட்டி எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தீர்கள். அந்த மீன்தான் மதினி என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது.

கொல்லையில் பாத்திரம் விளக்கும்போது கேட்டேன். "குடுத்ததக்கூட விடுங்க. 'நம்ம'ன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"நம்மன்னு சொன்னா, ஒனக்குத் திருப்பித் தரணுமேன்னு அவுக மனசு பாரப்படும். என்னோடதுன்னு சொன்னா…" சாம்பல் அப்பிய கையை வெகுநேரம் கழுவினீர்கள். "ஒனக்கு அடுத்த வருசம் இருக்குட்டி. எனக்கு இந்த ஒரு நாள்தான் இருந்துச்சு."

அதன்பிறகு நான் இரண்டாவது பிடி எடுக்கவில்லை. நீங்கள் மட்டும் கொஞ்ச நாள் எடுத்தீர்கள், பிறகு அதுவும் நின்றது. நம்மிடையே உப்புக்கும் விறகுக்கும் மட்டுமே பேச்சு இருந்தது. நான் லேஸ் பின்னி விற்று, அந்தக் காசை வீட்டுக்குக் கொண்டுவராமல் என் பழைய பள்ளித் தலைமையாசிரியை அம்மாவிடமே கொடுத்துவைத்தேன். அவர் அண்ணனிடம் பேசி அவனையும் சம்மதிக்கவைத்தார். இரண்டு வருடம் கழித்துத் தகரப்பெட்டியோடு வண்டி ஏறினேன். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "லீவுக்கு வருவியாட்டி?" என்று கேட்டீர்கள். "பாப்போம்" என்றேன். அந்த ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த கையோடு ஊரில் வாந்திபேதி புகுந்தது. செய்தி எனக்கு வருமுன்பே உங்களை அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

எனக்கு உங்கள்மேல் இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அது காசைக் கொடுத்ததற்காக அல்ல. அதைக் கொடுத்து நீங்கள் வாங்கியது அடுத்த கருப்பட்டிக் காலம்வரைகூடத் தாங்கவில்லை. நான் வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே நீங்கள் மறுபடி "இந்தா" ஆகிவிட்டீர்கள். பணம் மறுபடி நிலைப்படிக்கு வந்துவிட்டது. நீங்கள் மறுபடி குனிந்தீர்கள். என் படிப்பை விலையாகக் கொடுத்து வாங்கிய பொருளை, அண்ணனிடம் கேட்டாவது, சண்டை போட்டாவது, கையில் பிடித்து வைத்திருக்கக் கூடாதா? அப்போது இழந்தது நான் ஒருத்தி மட்டும் என்றாவது இருந்திருக்கும்.

சென்ற வாரம் அண்ணன் இங்கே வந்திருந்தான். பள்ளிக்குப் பின்னால் எனக்குக் கொடுத்திருக்கும் சிறு வீட்டில், அன்றைக்கு உட்கார்ந்ததுபோலவே தலையில் கைவைத்து உட்கார்ந்தான். தலைமயிர் நரைத்துவிட்டது. வியாபாரம் நொடித்த கதையைச் சொன்னான். பிறகு, "சம்பளத்துல சிறுவாடு ஏதும் வச்சிருக்கியாட்டி? ஒங்க மதினி இருந்தா நான் வாயத் தொறக்கவே வேண்டியிருக்காது" என்றான்.

அப்போது எனக்குள் ஒன்று நடந்தது. அதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. 'எங்கிட்ட இருக்குண்ணே, எடுத்துக்கிடு' என்ற சொல் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. இரக்கத்தால் அல்ல. அதைக் கேட்டதும் அவன் முகம் எப்படி மலரும், என்னை எப்படிக் கொண்டாடுவான் என்று பார்க்க ஆசையாக இருந்தது. என் முதுகு அதற்குள் நிமிரத் தொடங்கிவிட்டது. அன்று அடுப்பு முன்னால் உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இருக்குண்ணே" என்றேன். "ஆனா அது என் சிறுவாடு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "அவளும் இதே வார்த்தையத்தான் சொன்னா" என்றான். சொல்லிவிட்டு, வேட்டி மடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான், வாக்கியத்தின் மறுபாதிக்காக.

என்னிடம் மறுபாதி இல்லை. உள்ளே போய் மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடித்தால் மடல் அழகாக இருக்கும். எனக்கு அப்படி எழுத வரவில்லை. 'என் சிறுவாடு' என்ற சொல்லை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன், அதைச் சொல்லும்போதெல்லாம் நாக்கில் புளிக்கிறது. அது மட்டும் உண்மை.

மேசைமேல் கிடந்த காலணாவைக் கையில் எடுத்தேன். பெட்டியில் இருப்பதெல்லாம் என்னுடையது, இதை அதில் போடக்கூடாது. அடுக்களைக்குப் போய், புளிப்பானையைத் திறந்து, அடிவரை கை விட்டு அதை வைத்து மூடினேன்.