பிரேக் பிடிக்காத நேரத்தில் அப்பா பார்த்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. நூலக மாடியில் உண்மைக் கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தேனே, சனிக்கிழமை அங்கே எல்லோர் முன்னாலும் நான் எழுதியதை வாசிக்கப் போகிறேன்! அப்பா ஓட்டிய பஸ்ஸில் இறக்கத்தில் பிரேக் போன கதைதான். முதலில் அப்பா பிறந்ததிலிருந்து ஆரம்பித்திருந்தேன். டீச்சர் உன்னைவிடச் சின்னவள், பத்திரிகையில் வேலை பார்த்தவள். பிரேக்கை மிதிக்கிறார், பிடிக்கல, அங்கேருந்து ஆரம்பிங்கம்மா என்றாள். மாற்றினேன், அடேயப்பா, முதல் வரியிலேயே பஸ் பறக்கிறது! ஆனால் அந்த நொடியில் மனைவியையும் குழந்தையையும் நினைத்தார் என்று நான் உருகி உருகி எழுதியதைச் சுழித்துவிட்டு, இதை அவர் சொன்னாரா என்று கேட்டாள். உண்மைக் கதையில் அடுத்தவர் மனதுக்குள் நாமாகப் புகக் கூடாதாம், கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா, மணல் குவியல்ல ஏத்தி நிறுத்தினேன் என்பதற்கு மேல் இத்தனை வருஷத்தில் ஒரு சொல் வந்ததில்லை. கிளறினால் வாசிக்கவே வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம் வேறு.

என்ன நினைச்சீங்கன்னு கேக்காதீங்க, என்ன பாத்தீங்கன்னு கேளுங்க என்று டீச்சர்தான் வழி சொன்னாள். அப்பா தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்தாராம். மூன்றாவது சீட்டில் ஒரு பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். கத்தினால் எல்லோரும் எழுந்து முட்டி மோதுவார்கள், சும்மா இருந்தால் அவள் மண்டை உடையும், அதையேதான் யோசித்தாராம். கியரைக் குறைத்தபடியே கண்டக்டரைக் கூப்பிட்டு, அந்தம்மாவ மெதுவா எழுப்பு என்றாராம், டீ வாங்கிவரச் சொல்கிற குரலில். நம் இருவர் நினைப்பும் துளிகூட வரவில்லையாம்! கொஞ்சம் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். ஆனால் கண்ணு, நான் கற்பனையில் கட்டியதைவிட இது எத்தனை அழகு! இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே பேசினார், பேசினார், நான் அழுதுவிட்டேன். வாசிக்கலாமா என்றதற்கு ம் என்றார், கடைசி வரிசையில் உட்காருவாராம்.

நீ போன் செய்தால் நல்லா இருக்கீங்களாப்பா என்று கேட்காதே, ம் என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார். இன்று என்ன பார்த்தீர்கள் என்று கேள், மறக்காதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, அப்பா விடமாட்டேன் என்கிறார். மூன்றாவது தடவையாக வந்து, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையா என்று நிற்கிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா