கிளட்ச் உள்ளதும் இல்லாததும்

மார்ச் 3, திங்கள்

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் அந்த மூன்று வண்டிகள்தான். மூன்றும் ஒரே பைக். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், நீண்ட பயணத்துக்கென்றே செய்தது. முதலாவது சாதா மாடல். இரண்டாவதில் உயரமான முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்சீட்டில் உட்காருபவருக்கு முதுகுச் சாய்வு. மூன்றாவதில் இடது கையில் கிளட்ச் பிடியே கிடையாது, கியர் தானாக விழுந்துகொள்ளும். மொபைலில் எவனோ மூன்றையும் வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசுகிறான். இவர் தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.

மாதக்கணக்கில் இதே பாட்டு. என்னைக் கட்டிக்கொள்ளவே மனுஷன் இத்தனை யோசிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

இன்று கிளட்ச் இல்லாததைப் புகழ்ந்து தள்ளினார். தூரப் பயணத்துக்கு அதுதான் சுகமாம். இவரா! அந்த மாடல் முதலில் வந்தபோது, இது வண்டியே இல்லை, தையல் மெஷின் என்று மகளுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தவர்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதனாலென்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

தெரிந்துவிட்டது.

காலையில் கண்ணாடி முன்னால் வலது கையால் மட்டுமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கை சும்மா தொங்கியது. வாட்சைக் கட்டிவிடும் சாக்கில் அந்தக் கையைப் பிடித்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் கைகால்தான் என் பிழைப்பு. வேற்று ஆளாக இருந்தால் வாசலில் வரும்போதே கண்டுபிடித்திருப்பேன். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் கை கண்ணில் படவில்லை. தூ, என் படிப்பும் நானும்.

மார்ச் 8, சனி

இறுகிப்போன மூடி போட்ட பாட்டில் ஒன்றைத் திறந்து தரச் சொல்லிக் கொடுத்தேன். யாருக்கோ போன் செய்ய வேண்டும் என்று மகளிடம் தள்ளிவிட்டுப் போனார். கேட்கவேண்டியதை வாய்விட்டுக் கேட்காமல், சொந்தப் புருஷனிடம் போலீஸ் வேலை பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பேரும் ஷோரூம் போனோம். விற்பனைப் பையன் சுறுசுறுப்பு. மூன்று வண்டியையும் அடுத்தடுத்து நிறுத்தியிருந்தான். இவர் இரண்டாவதில் ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தார். முதலில் இரண்டு விரல். அப்புறம் நான்கு. பிடி பாதி தூரம் வந்து நின்றது. அதற்குமேல் அவர் இழுக்கவில்லை, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன் என்றான் பையன். இவர் சட்டென்று என்னைக் கை காட்டினார். "வேணாம்பா. என் மனைவிக்கு பெரிய வண்டின்னா பயம்."

எனக்கா? மலைப்பாதையில், கொட்டும் மழையில், இவர் முதுகில் தலை சாய்த்துத் தூங்கியே போயிருக்கிறேன். எனக்குப் பயமாம்! பையன் பாவமாகப் பார்த்தான். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

விளக்கை அணைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டேன். அவரும்தான்.

மார்ச் 12, புதன்

புத்திசாலித்தனமாக ஒன்று செய்வதாக நினைத்துக் கெடுத்துவிட்டேன். "அந்த கிளட்ச் இல்லாததையே எடுங்களேன், அதான் நல்லா இருக்கு" என்றேன், ஏதோ நிறம் பிடித்துப்போன மாதிரி. என்றைக்காவது வண்டியைப் பற்றி நான் வாய் திறந்திருக்கிறேனா? திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது மாடலை புக் செய்துவிட்டு வந்தார். கிளட்ச் உள்ளது. "உனக்காகத்தான். முதுகு சாஞ்சு உக்காந்துக்கலாம்" என்கிறார். மாதக் கடைசியில் வண்டி வந்துவிடுமாம்.

வீம்பு. நேற்று நான் சும்மா இருந்திருந்தால் அவராகவே மூன்றாவதுக்குப் போயிருப்பார்.

மார்ச் 14, வெள்ளி

கண்ணை மூடினால் சிக்னலில் நிற்கிறோம். கியர் விழுந்திருக்கிறது. அந்தக் கை கிளட்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எத்தனை நேரம் பிடிக்கும்? விட்டுவிட்டால் வண்டி முன்னால் நிற்கும் லாரிக்குள் போகும். வேலைக்கு நடுவிலும் இதே காட்சிதான். ஒரு நோயாளியின் முட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டே மறந்து நின்றிருக்கிறேன், அந்த அம்மா "விடும்மா, உயிர் போகுது" என்ற பிறகுதான் சுயநினைவு வந்தது.

சாயங்காலம் சொல்லிவிட்டேன், அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன் என்று. ஏன் என்றார். "நீங்கதான சொன்னீங்க, எனக்குப் பயம்னு. ஆமா, பயம்தான்."

முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் குளியலறையில் போய் அழுதேன்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரியில் இன்று நல்ல கூட்டம். தோள்வலிக்காரர் போனதும் அடுத்தவரை அனுப்பச் சொன்னேன். திரை விலகியது. இவர்.

டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறார். வந்திருப்பதை என்னிடம் சொல்லக்கூடாது என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லிவைத்தாராம். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மேசைமேல் நீட்டினார்.

"வலி இல்லைங்க. பிடிதான் நிக்க மாட்டேங்குது."

என்னிடம் 'ங்க' போட்டு அவர் பேசியதே இல்லை. விளையாட்டா, இல்லை அப்படித்தான் சொல்ல வருமா? நானும் நோயாளியிடம் கேட்பதுபோலவே கேட்டேன். எவ்வளவு நாளாக? ஆறேழு மாதமாம். வீட்டில் சொன்னீர்களா? "இல்லைங்க. சொன்னா, இனிமே வண்டி வேணாம்னு சொல்லிடுவாளோன்னு."

கையை எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கச் சொன்னேன். இறுக்கினார், நெற்றி நரம்பு புடைக்க. என் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்ததும் கை முழுக்க ஷாக் அடிக்கிறது என்றார். கழுத்து நரம்பாக இருக்கலாம். நரம்பு டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

"அந்த கிளட்ச் இல்லாததாவது ஓட்டலாமாங்க?"

எத்தனையோ பேருக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன். நிதானமாக, கண்ணைப் பார்த்து. இன்று மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "முடியாதுங்க. குண்டும் குழியுமான ரோட்டில் ஹேண்டில்பாரைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்."

"திரும்பி வருமா?"

"தெரியலை."

கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே அடுத்த டோக்கன்காரர் இருமினார்.

மார்ச் 22, சனி

ஸ்கேன் திங்கட்கிழமை.

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் ஷோரூம் பையனுக்கு போன் போட்டு வண்டி வேண்டாம் என்றார். அவன் சமாதானம் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, ஒன்றிரண்டு ரவுண்டு போனால் அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிடும் என்று.

"அவளுக்கு பயமெல்லாம் கிடையாதுப்பா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எனக்குத்தான் கை வரலை."