இது அவன் குரல் இல்லை

ஆயர் குரோ, மலாக்கா
19.10.1997

அன்பு மகன் டொமினிக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். மெல்பர்னில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே புகைமூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. துவைத்த துணியைக்கூட வீட்டுக்குள்தான் காயப் போடுகிறேன். பூசைக்குப் போகும்போது பாதிப் பேர் முகத்தில் துணி கட்டியிருக்கிறார்கள், யார் யாரென்று தெரிவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. அப்பாவும் நாள் முழுதும் கூடத்தில்தான் இருக்கிறார்.

அப்பாவின் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய பாட்டுக்காரன் லெனியின் சிடியைப் பற்றிப் போன மாதம் உன்னிடம் அழுதேன் அல்லவா? முதல் பாட்டில் பாதியைக் கேட்டுவிட்டு, இது அவன்ர குரல் இல்லை என்று அப்பா எழுந்து போய்விட்டார். அட்டையில் லெனியின் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பாட்டும் அதே பாட்டு. பள்ளியில் படிக்கும்போது மலாக்கா டேலண்டைம் பாட்டுப் போட்டி மேடையில் அதையே பாடிப் பரிசு வாங்கிய மனிதருக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நீ கேட்டாய். உம்பாய்க்கு மீன் சாப்பிடப் போன அன்று பாதி வழியில் காரை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றாரே, அதையும் சேர்த்துக்கொண்டாய். மூளை டாக்டரிடம் காட்டு, கார்ச் சாவியை வாங்கி வை, வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று அடுக்கினாய். சாவியை மட்டும் வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை மகன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் சொன்னால், உண்மையிலேயே கூடிவிட்டதா, இல்லை இதுவும் அந்த வியாதியா என்று நான் எடுத்து ருசி பார்க்கிறேன்.

நேற்று ஜாசினுக்குப் போனோம். நான்தான் கார் ஓட்டினேன். நம் வீட்டு ரெக்கார்டு பிளேயர் கெட்டுப்போய் எத்தனையோ வருடமாகிறது. ரேடியோ பழுது பார்க்கிற தனபாலன் கடையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்பாவிடம் இருந்த லெனியின் பழைய இசைத்தட்டையும் உன் சிடியையும் எடுத்துப் போனேன். உன்னிடம் மறைப்பானேன், அவரைச் சோதிக்கத்தான் கூட்டிப் போனேன். பழைய தட்டையும் அவன் இல்லை என்று சொல்லிவிட்டால், நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

ஊசியை வைத்ததும் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து அந்தப் பையன் லெனி பாட ஆரம்பித்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இவன்தான் என்றார். நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

எனக்கு லெனியைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவனைப் பல்வலிக்காரன் என்றுதான் சொல்லி வருகிறேன். பள்ளிக்கூடம் முடியும்வரை எனக்காகக் காத்திரு என்று ஒரு பெண்ணைக் கெஞ்சுவதற்கு ஒரு முழுப் பாட்டு, பின்னால் ஊ ஊ என்று நாலு பெண்கள். ஆனால் நேற்று அப்பா விரலைத் தூக்கி, இந்த இடத்தைக் கேள் என்றார். பாட்டு மேலே ஏறுகிற இடம். ஏறுவதற்கு முன்னால் பையன் அவசரமாக ஒரு மூச்சு இழுக்கிறான், மைக்கில் அப்படியே விழுந்திருக்கிறது. குரல் உடையப் போகிறது என்று நானே பயந்துவிட்டேன். எப்படியோ உடையாமல் போய்ச் சேருகிறான். சேர்ந்துவிட்டதை அவனாலேயே நம்ப முடியவில்லை போல, அடுத்த சொல்லைப் பாதி விழுங்கிவிடுகிறான். இத்தனை வருடம் வீட்டில் ஓடிய பாட்டு, நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பிறகு தனபாலன் சிடியைப் போட்டார். அதே இடத்தில் மூச்சுச் சத்தமே இல்லை. குரல் சிரமம் இல்லாமல் மேலே போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. இவனுக்குப் பயமில்லை, பயமில்லாதவன் ஒரு பெட்டையிட்ட ஏன் கெஞ்சவேணும் என்று கேட்டார் அப்பா. தனபாலன் சிரித்துவிட்டு, அங்கிள் சொல்றது கரெக்ட்லா ஆண்ட்டி, வேற கம்பெனிக்காரன் அதே ஆள வயசான பிறகு மறுபடியும் பாட வச்சு விக்கிறான் என்றார். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆள் லெனிதான், ஆனால் பிள்ளைகுட்டி பெற்ற லெனி. நீயும் நானும்தான் ஏமாந்தோம்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உன்னைப் போனில் கூப்பிட்டு நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணீர் வந்தது. அப்பா தன் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். தனபாலனைப் பார்த்து, இந்த மிஸ்ஸுக்கு ஒரு கதிரை குடுங்கோ, எனக்காக எவ்வளவு நேரமா நிக்கிறா, நான் கெதியாய்ப் போகவேணும், வீட்டில மனுசி தேடுவா என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். இத்தனை வருடமும் அவர் மனுசி என்று சொன்னது என்னைத்தான்.

தனபாலன் என் முகத்தைப் பார்த்தார். அங்கிள் விளையாடுகிறார் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கார் ஆயர் குரோவுக்குள் நுழைவதற்குள், நிரஞ்சனி, மத்தியானத்துக்கு என்ன சமையல் என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார். ஆகவே விளையாட்டாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு என்னைச் சீண்டுவது புதிதா?

உனக்குப் போன் போடவில்லை.

டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். வீட்டைப் பற்றி நேரில் பேசுவோம். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாய். ஈஸ்டர் வேண்டாம், இந்தக் கிறிஸ்துமஸுக்கே வா. மருமகளுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வந்தாலும் போதும். வந்ததும் வாசல் கேட்டின் அருகிலேயே, அப்பா, நான் டொமினிக் வந்திருக்கிறேன் என்று நீயே முந்திச் சொல்லிவிடு. அவர் உன் பெயரைச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே மகன்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அன்பு அம்மா,
நிரஞ்சனி மரியதாசன்