அண்ணன் கேட்டால் பதில் சொல்லாதே

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் சின்ன வயதில் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறதாம், உன் அண்ணன் சொன்னார். எனக்குத்தான் ஒரே அசதி. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டாலே யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்று பயந்து அவர் திரும்பிப் போய்ப் பார்ப்பது உனக்குத் தெரியும். பார்த்துவிட்டு வந்தாலும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி திரும்புவார். காலையில் கடைகளுக்குப் போக வேண்டிய ரொட்டி சாயங்காலம்தான் போனது. பேக்கரி முதலாளி நல்ல மனுஷர், வேலையை விட்டு அனுப்பாமல் பொட்டலம் கட்ட உட்காரவைத்திருக்கிறார். ஆனால் மாதக் கடைசிக்குள் வண்டி எடுக்காவிட்டால் வேறு டிரைவரைப் போடுவேன் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்.

இதற்குப் பெயர் ஓ.சி.டி., இது பைத்தியமும் இல்லை, பிடிவாதமும் இல்லை என்று மனநல டாக்டரம்மா சொன்னபோது உன் அண்ணன் அங்கேயே அழுதுவிட்டார். மாத்திரையோடு ஒரு பயிற்சியும் டாக்டரம்மா கொடுத்திருக்கிறார். வண்டி ஓட்ட வேண்டும், சந்தேகம் வந்தாலும் திரும்பக் கூடாது. பயம் தானாக அடங்கும்வரை பொறுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றும் ஆகவில்லை என்று தேற்றவே கூடாதாம். தேற்றினால் அந்த நிமிஷம் நிம்மதி, அடுத்த நிமிஷம் சந்தேகம் இன்னும் பெரிதாக வந்து நிற்குமாம்.

பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவரை மைதா என்று கூப்பிடுவார்களே, அவர்தான் பயிற்சிக்குத் தன் ஓட்டைக் காரைக் கொடுத்திருக்கிறார். நேற்று நாங்கள் இருவரும் போனோம். பள்ளிக்கூட முனையில் கார் தூக்கிப் போட்டது. "யாரோ விழுந்த மாதிரி இருந்துச்சே, நீ பாத்தியா?" என்றார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். கல்நெஞ்சக்காரி என்று திட்டினார். வியர்வையில் அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனால் திரும்பவில்லை வாயாடி! நேராக வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இறங்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் ஆளைக் காணோம். குளியலறைக்குள் இருந்து உனக்குப் போன். கதவுக்கு இந்தப் பக்கம் உன் குரல் கணீரென்று கேட்டது. "சத்தியமா ஒண்ணும் ஆகலண்ணா" என்றாய். எங்கேயோ இருக்கிற நீ, காரில் கூடவே வந்த மாதிரி சத்தியம் செய்தாய். அவர் வெளியே வந்து சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட முனைக்கே போனார். டீ ஆறிப்போனது.

உன் மேல் கோபமில்லை. அண்ணன் தவித்தால் தங்கை வாய் சும்மா இருக்குமா? நானும் இத்தனை நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி வேண்டாம். "எனக்குத் தெரியாதுண்ணா, உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது, நான் லைன்லயே இருக்கேன்" என்று மட்டும் சொல். கத்துவார், போனை வைத்துவிடுவார். வைக்கட்டும். இதை எழுதச் சொன்னதே அவர்தான். "நான் கெஞ்சினாலும் சொல்ல வேணாம்னு எழுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொல்லாத ஒன்றை நானாக எழுதுகிறேன். அவர் போனை வைத்ததும், முடிந்தால் என்னைக் கூப்பிடு. அவரைப் பற்றி எதுவும் கேட்காதே. சாப்பிட்டீங்களா அண்ணி என்று கேள். என்னை யாரும் கேட்டு ரொம்ப நாளாகிறது. அதைக் கேட்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும்
அண்ணி