மாப்பிள்ளை, நீ செய்யச் சொன்ன பம்பர்

மாப்பிள்ளை,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பம்பர் மடங்கும் என்று சொன்னேன். மடங்குகிற நாளில் பனி இறங்கியிருக்கும் என்றும் சொன்னேன். நீ ஒருநாள் என் கழுத்தை அறுப்பாய் என்பதை, உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நீ காபித் தம்ளரை நீட்டிய விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன், அவ்வளவுதான்.

ஒண்டிக்கடை முக்கு வெல்டிங் பட்டறை வாசலில், காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் பிக்கப்பிலிருந்து நேற்று அறுத்தெடுத்த முன் பம்பர் என் காலடியில் கிடக்கிறது. கருகிய பெயிண்ட் நாற்றம் இன்னும் போகவில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சுவலி என்று சேலத்துக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரும்போது உன்னைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். இந்த இரண்டு வருடமும் உன்னைத் தங்கம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் வரைக்கும்.

பழைய பம்பர் எப்படிப் போனது என்பது உனக்குத் தெரியும், நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். கிளியூர் இறக்கத்தில் காட்டெருமை வந்து மோதியது. சாதாரண உருப்படியா அது? இரண்டு டன் இருக்கும். காபிச் செடியைப் பிளந்துகொண்டு வந்தது, ஒரு கணம் நின்று என் கண்ணைப் பார்த்தது, நானும் பார்த்தேன், பிறகுதான் முட்டியது. வேறு ஒருவன் ஸ்டியரிங் பிடித்திருந்தால் இரண்டு பேருமே பள்ளத்தில் கிடந்திருப்போம். டீக்கடையில் யாரோ, "கொம்பு எம்புட்டு நீளமுங்க?" என்று சந்தேகமாகக் கேட்டபோது, புருவத்தில் நாலு தையலோடு இருந்த நீ இரண்டு கையையும் அகல விரித்து, "இத்தனைங்க" என்றாய். நான் சொல்லியிருந்ததைவிட ஒரு முழம் கூடவே காட்டினாய். அப்படி ஒரு மாப்பிள்ளை எவனுக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் காட்டெருமையைத் தாங்குகிற பம்பர் தேடிச் சேலம் போனோம். அந்தப் பெரிய கடையில் முப்பது பம்பர் தொங்கியது. முப்பதையும் பலாப்பழம் தட்டுவது போல விரலால் தட்டிப் பார்த்தேன். சரி, எட்டாவதோடு நிறுத்திவிட்டேன்; ஆனாலும் இரும்பின் சத்தம் எனக்குப் பேசும். இருந்ததிலேயே தடியான ஒன்றைக் காட்டினேன்.

"எதுக்குங்க இவ்வளவு கனம்? பட்டாளத்துக்கு ஓட்டறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"எங்க மலைக்கு வந்து பாருங்க, அப்பறம் பேசுவீங்க" என்றேன்.

நீ சத்தமில்லாமல் அதன் மூக்கைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாய். "ஏனுங்க மச்சான், ஒன்றரைச் சாண் முன்னால நீட்டிக்கிட்டு நிக்குதுங்களே, கொண்டை ஊசியில ஒரே ஒடிப்புல திரும்புமுங்களா?"

"வண்டி திரும்பறது பம்பர்ல இல்ல மாப்ளே, கையில."

"சரிங்க மச்சான்."

அடுத்து அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாய். "நொம்பக் கனமா வேற இருக்குதுங்க. இறக்கத்துல பிரேக்கு தாங்கோணுமுங்க. இந்த மாதிரி மாட்டக் கூடாதுன்னு போலீசும் புடிக்கறாங்களாமா."

"நம்ம வண்டிய எவன் புடிப்பான்?"

"சரிங்க மச்சான்."

நம் பக்கத்து வழக்கம் இது. அக்காவைக் கட்டிக் கொடுத்தவன் மச்சானுடைய பேச்சை நாலு பேர் முன்னால் மறுக்கமாட்டான். மறுத்தால் அக்காவுக்குத்தான் தலைக்குனிவு. நீ அந்த வழக்கத்தை மீறியதே இல்லை. உன் 'சரிங்க மச்சான்' எனக்கு அரசாங்க முத்திரை மாதிரி. அதைக் கேட்டுவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன்.

அங்கே இருந்ததும் எனக்குப் போதவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் நானே படம் போட்டேன். மூன்று வரிசைக் குழாய், நடுவில் தகட்டில் வெட்டிய காட்டெருமைத் தலை. எஞ்சினியருக்குப் படித்த பிள்ளைகள்கூட அப்படி ஒரு கோடு இழுக்க முடியாது. படத்தை இந்தப் பட்டறை ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். "இருக்கறதிலயே தடிக் குழாயாப் போடு சாமி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீ மட்டும், "அளவு சொல்லிட்டு வர்றனுங்க மச்சான்" என்று பட்டறையில் நின்றாய். மூன்றாம் நாள் பம்பர் ஏறியது. வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் ஏரிக்கரையில் காரை நிறுத்தி இறங்கிவந்து அதைத் தடவிப் பார்த்தார். ஒருவர் என்ன, இரண்டு பேர்.

அப்புறம் போன வாரம். காலை ஏழு மணி. மிளகு மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. எதிரே ஏறி வந்த வெள்ளக்கடை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வளைவில் வழுக்கி, டூ வீலரோடு என் வண்டிக்கு முன்னால் வந்து விழுந்தார். பிரேக் பிடித்தேன். ஈரத்தில் வண்டி கேட்கவில்லை. அவரையும் டூ வீலரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்துச் சுவரில் வைத்து அழுத்தியது. இறங்குவதற்கு முன்னால் கதவை இரண்டு தடவை திறந்து மூடினேன் மாப்பிள்ளை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆள் செத்திருப்பார் என்று நினைத்துத்தான் எட்டிப் பார்த்தேன்.

பம்பர் உள்பக்கமாக அப்பளம் போல மடங்கியிருந்தது. அந்த மடிப்புக்குள் ரைட்டரின் கால். முழுசாக இருந்தது. "ஏனுங்க, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுக்கறீங்களா?" என்றார் மனிதர். எலும்பில் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு, அதோடு சரி.

நேற்று ஆரோக்கியம் பம்பரை அறுத்தான். வெட்டிய வாயைப் பார்த்தேன். குழாய் தகர டப்பா கனம்கூட இல்லை. மூக்கும் ஒரு சாண் குறைவு.

"என்னடா இது? இதையா நான் செய்யச் சொன்னேன்?"

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "உங்க மாப்ள சொன்னதுங்கண்ணா."

"என்ன சொன்னான்?"

"'பாக்கறதுக்கு மச்சான் படத்துல இருக்கறாப்பலயே இருக்கோணும், இடிச்சா மடங்கோணும்'னாருங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னனுங்க. 'காட்டெருமைக்கு இது தாங்காதுங்களே'ன்னேன். சிரிச்சாருங்க."

"சிரிச்சானா?"

"ஆமாங்கண்ணா. நீங்க கேட்ட குழாயப் போட்டிருந்தா ரைட்டருக்கு அந்தக் கால் இருந்திருக்காதுங்க."

ஊருக்கே நல்ல செய்தி அது. எனக்கு மட்டும் இல்லை. எத்தனை பேரிடம் அந்தக் குழாயைத் தட்டிக் காட்டியிருக்கிறேன்! இரும்பு பேசும் என்றவனிடம் அது ஒரு வார்த்தை பேசவில்லையே. இந்தப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை நாள் சிரித்தார்களோ.

வீட்டுக்குப் போனேன். உன் அக்கா முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன். எதை என்றுகூட அவள் கேட்கவில்லை.

"தெரியுமுங்க. மாட்டின அன்னிக்கே தம்பி சொல்லிட்டான்."

"அப்பக் கடைசியாத் தெரிஞ்சுக்கிட்டவன் நாந்தானா?"

"அந்தத் தைரியத்துலதானுங்க நான் உங்க வண்டியில ஏறினேன்" என்று சொல்லிவிட்டு மிளகைத் தள்ள ஆரம்பித்தாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. நாலு பேர் முன்னால் வேண்டாம். தனியாக, வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மச்சான், இது வேண்டாமுங்க" என்று. கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். சொல்லியிருக்க வேண்டும். இப்போது நீ சொன்ன ஒவ்வொரு 'சரிங்க'வையும் எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது உள்ளே காலி, எது காலி இல்லை என்று தெரியவில்லை. கேட்கலாம் என்றால் நீ இல்லை. நீ செய்த துரோகத்திலேயே பெரியது இதுதான்.

காலையில் ஆரோக்கியம் கேட்டான், "புதுசுக்கு எந்தக் குழாயிங்கண்ணா?" பட்டறையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"குழாயே வேண்டாம். கம்பெனியில வந்தாப்பல பிளாஸ்டிக் பம்பரே போடு" என்றேன். பிறகு சும்மா இருக்க முடியாமல், "மடங்கற பம்பர் என்னோட யோசனைதான், மாப்ளகிட்டச் சொல்லிவிட்டதே நாந்தான்" என்றும் சேர்த்துவிட்டேன். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், நீ எப்போதும் நிற்கிற இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். 'ஆமாங்க' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் சுமந்துகொண்டு திரிவது அந்த இடதுபக்கத்தைத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ ஏன் சிரித்தாய் என்று ஆரோக்கியத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கிளியூர் இறக்கத்தில் அன்றைக்குக் காட்டெருமை எதுவும் வரவில்லை. நல்ல வெயில், காய்ந்த ரோடு, ஈ காக்கை இல்லை. எங்கள் தோட்டத்துப் பலாப்பழம் எத்தனை பெரியது என்று காட்ட ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். வண்டி நேராகப் போய் சில்வர் ஓக் மரத்தில் மோதியது. கண்ணாடி உடைந்து உன் புருவம் கிழிந்தது. ஆட்கள் ஓடிவந்து என்னங்க ஆச்சு என்று கேட்டார்கள். காட்டெருமை என்றேன். கண்ணுக்குள் இறங்கிய ரத்தத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே நீ, "ஆமாங்க, நொம்பப் பெருசுங்க" என்றாய்.