காலண்டரில் விட்டுப்போன பெயர்

அன்பு வாலுப் பெண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். அண்ணன் வேலை மாறிவிட்டான், அந்தக் கதையை அவனே சொல்வான். உன் உடம்பைப் பற்றி நாலு வரி கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும், ஆனால் ஆத்திரம் முந்திக்கொள்கிறது, பொறுத்துக்கொள். உங்கள் அலுவலகத்துக்காக நீ செய்த காலண்டர் வந்தது. முதல் பக்கத்தில் மழை மூட்டத்தில் நம் ரயில் பாலம். யார் எடுத்த படம் என்று போனில் கேட்டேன். "நெட்ல ஃப்ரீயா கிடைச்சதும்மா, யார் எடுத்தா என்ன, யாரு பாக்கப் போறா" என்று சிரித்தாய். பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. எடுத்தவள் நான்தான்டி.

இணையக் கலைக்களஞ்சியத்துக்கு நான் கட்டுரை திருத்துவதையும் படம் கொடுப்பதையும் "அம்மா ஏதோ தட்டிக்கிட்டு இருக்கா" என்றுதானே எல்லோரிடமும் சொல்கிறாய். அந்தப் படத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் பெயரைப் போட்டால் போதும் என்று கீழேயே எழுதியிருக்கிறது, என் முழுப் பெயரோடு. நீ அதைப் படிக்கக்கூட இல்லை. சும்மா கொடுத்தால் சும்மா கிடந்தது என்று அர்த்தமா? முதலில் எடுத்தது கோணல் என்று, என்னைப்போல அங்கே சம்பளமில்லாமல் உழைக்கிற ஒருவர் ஒதுக்கிவிட்டார். ரோஷம் வந்து தூறலில் மறுபடி போனேன். கேமராவுக்குக் குடை பிடித்த அப்பா ஆற்றங்கரைச் சேற்றில் வழுக்கி விழுந்தார், வீடியோ காலில் முட்டிக் காயத்தைக் காட்டினாரே, அது அன்றைக்குப் பட்டது. படத்தின் ஓரத்தில் அவர் குடை நுனி தெரியும், அதையும் வெட்டிவிட்டாய். "பொண்ணு என்னை அழகா நறுக்கிட்டா" என்று அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் பேசப் பிடிக்காமல், நீ என் மகள் என்று சொல்லாமல், உன் அலுவலகத்துக்கே எழுதினேன். நேற்று மேலாளர் அம்மாளிடமிருந்து பதில். வருந்துகிறார்களாம், அடுத்த அச்சில் என் பெயரைச் சேர்ப்பார்களாம், எல்லாம் வடிவமைத்த பெண்ணின் கவனக்குறைவாம், கண்டித்துவிட்டார்களாம். கூடவே உன் பெயர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்குத் திட்டு வாங்கிக் கொடுக்கவா எழுதினேன்?

காலண்டரை மறுபடி புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் முதலாளி பெயர் இருக்கிறது, மேலாளர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர்கூட இருக்கிறது. கண் எரிய உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அமைத்தவள் நீ. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், உன் பெயர் இல்லை. பழி போடும்போது மட்டும் அவர்களுக்கு உன் பெயர் ஞாபகம் வருகிறதா? அதையும் யாரு பாக்கப் போறா என்று விட்டிருப்பாய். நான் பார்த்தேன்டி.

உடனே பதில் எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்தில் வடிவமைத்தவர் பெயரும் வர வேண்டும், அந்தப் பெண்ணின் வேலை நன்றாக இருக்கிறது என்று. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லைதான், வாய் இருக்கிறதே. இன்று காலை ஒரே வரி வந்தது: இரண்டு பெயரையும் போடுகிறார்களாம்.

நீ நல்லா இருக்கணும், கைபட்ட வேலையெல்லாம் துலங்கணும். அச்சுக்குப் போகும் முன் நீயே ஒருமுறை சரிபார், எழுத்துப் பிழை இருந்தால் மறுபடி எழுதுவேன்.

இன்னும் கோபம் தீராத,
அம்மா